90 செ.மீ. ரீஃப் (பவளத்) தொட்டிக்கு எந்த எல்.இ.டி. விளக்கு? பெரியது ஒன்றா, சின்னது இரண்டா?

#1 உப்புத்தண்ணி (செங்காங், சிங்கப்பூர்)

வணக்கம். இதுவரை இங்கே வாசிப்பதோடு சரி, இதுதான் என் முதல் கேள்வி. தொட்டி 90×45×45 செ.மீ., 180 லிட்டர் சொச்சம். கீழே சம்ப் (வடிகட்டும் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையால் கழிவை நீக்கும் கருவி) ஓடுகின்றன. சைக்கிள் (நல்ல பாக்டீரியா நிலைபெறும் காலம்) முடிந்து இரண்டு க்ளௌன் மீன்கள் மட்டும் இருக்கின்றன. இனிமேல்தான் பவளம், அதற்கு முன்னால் விளக்கு.

அடியில் மஷ்ரூம், ஜோவா, நடுப்பாறையில் டார்ச், ஹேமர் ஆகிய பவளங்கள் வைக்கலாம் என்று திட்டம். எல்லாம் நிலைபெற்ற பிறகு உச்சியில் ஒரு மான்டிபோரா, முடிந்தால் ஒரே ஒரு அக்ரோ (அக்ரோபோரா); இரண்டும் ஒளி அதிகம் கேட்கும் கடினப் பவளங்கள். பட்ஜெட் 900 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்).

கடைக்குக் கடை ஒரு யோசனை சொல்கிறார்கள். ஒருவர் 180 வாட் விளக்கு ஒன்றை நடுவில் தொங்கவிடச் சொல்கிறார். இன்னொருவர் 90 வாட் அளவில் இரண்டு வாங்கச் சொல்கிறார். இணையத்தில் 165 வாட் கறுப்புப் பெட்டி விளக்கு இவற்றில் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது. கரவுசெல் (பழைய பொருள் விற்கும் செயலி) வழியாக ஒருவர் டி5 குழலும் (மெல்லிய ஃப்ளோரசன்ட் டியூப்) எல்.இ.டி.யும் சேர்ந்த ஹைப்ரிட் விற்கிறார். எங்களுடையது வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, தொட்டி வரவேற்பறையில். பகலில் ஏசி போடுவதில்லை, தண்ணீர் இப்போதே 28 பாகையில் நிற்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் கண் கூசக் கூடாது என்று மனைவி சொல்லியிருக்கிறார்.

எதை வாங்கலாம்? ஏன் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

#2 சம்ப்_சத்தம் (ஜொகூர் பாரு)

தம்பி, கறுப்புப் பெட்டியை வாங்கி வையுங்கள். என் தொட்டியும் கிட்டத்தட்ட உங்கள் அளவுதான். ஜோவா, மஷ்ரூம், ஹேமர் எல்லாம் அதன் கீழேதான் வளர்கின்றன. ஹேமர் இரண்டு தலையோடு வந்தது, இப்போது கைப்பிடியில் அடங்காத கொத்து. நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ், டைமர் ஒன்று. செயலி, வைஃபை எதுவும் தேவையில்லை. மிச்சப் பணத்தில் நல்ல அலை பம்ப் ஒன்று வாங்கலாம். விளக்கில் கொட்டும் காசை நீரோட்டத்தில் போட்டால் பவளத்துக்கு அதிக நன்மை என்பதுதான் என் உறுதியான கருத்து.

---

#3 பவளக்கொடி (ஜூரோங், சிங்கப்பூர்)

உப்புத்தண்ணி, நீங்கள் வைக்கப்போகும் பவளங்களை முதலிலேயே எழுதியது நல்லதாயிற்று. பெரும்பாலும் விளக்கை வாங்கிவிட்டுத்தான் அதன் கீழே எது வாழும் என்று கேட்கிறார்கள்.

வாட்டை ஒதுக்கி வையுங்கள். விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் வாட் சொல்லும், பவளத்தின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்லாது. நமக்கு வேண்டியது பார் அளவு: 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளியில், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்ற கணக்கு. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே பாசி இந்த ஒளியில்தான் உணவு தயாரிக்கிறது, பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

பொதுவாகப் புழங்கும் அளவுகள் இவை. மஷ்ரூமுக்கு 30 முதல் 80 போதும். ஜோவா, டார்ச், ஹேமர் 80 முதல் 150 வரை நிம்மதியாக இருக்கும். தட்டாக வளரும் மான்டிபோராவுக்கு 150 முதல் 200. அக்ரோவுக்கு 250 முதல் 350. ஆக, உங்களுக்குத் தொட்டி முழுக்க 300 வேண்டாம். உச்சியில் ஒரு கையளவு இடத்தில் 250, நடுவில் 120, மணலில் 60 என்று படிப்படியாக இறங்க வேண்டும். முக்கியமாக, இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இரண்டு சின்ன விளக்கு என்பதுதான் என் தீர்மானமான பதில். இந்த வகை விளக்குகள் ஏறத்தாழ 60×60 செ.மீ. பரப்பைத்தான் நன்றாக மூடும். உங்கள் நீளம் 90. நடுவில் ஒன்றே ஒன்று தொங்கினால் அதன் நேர்கீழே பவளம் வெளிறும், இரண்டு ஓரங்களிலும் பழுப்படிக்கும். ஓரத்துக்காகக் கூட்டினால் நடு கருகும், நடுவுக்காகக் குறைத்தால் ஓரம் சோரும். இரண்டாகப் பிரித்தால் இந்த இழுபறி இல்லை. ஒரே புள்ளியிலிருந்து ஒளி வந்தால் டார்ச்சின் ஒரு பக்கம் எப்போதும் நிழலில் கிடக்கும். இரண்டு திசையிலிருந்து வந்தால் ஒன்றின் நிழலை மற்றது நிரப்பும். ஒன்று பழுதானாலும், வாரக் கடைசி வரை மற்றதை வைத்துச் சமாளிக்கலாம்.

ரேடியான், ஹைட்ரா, கெசில், ரெட் சீ ரீஃப்எல்இடி என எந்தப் பெயராக இருந்தாலும் இதே கணக்குத்தான். பெயருக்காகச் சண்டை போட வேண்டாம். கெசில் ஏ360எக்ஸ், ரீஃப்எல்இடி 90 இரண்டுமே 90 வாட். பழையதாக ஒரு ஜோடி உங்கள் பட்ஜெட்டுக்குள் வரலாம். தண்ணீருக்கு 20 முதல் 25 செ.மீ. மேலே மாட்டுங்கள். அதைவிடத் தாழ்த்தினால் நடுவில் ஒளி மிகையான வட்டம் விழும், ரொம்ப உயர்த்தினால் ஒளி சோபாவுக்குப் போகும்.

---

#4 டொராண்டோ_தொட்டி (ஸ்கார்பரோ, கனடா)

அக்கா சொல்வது சரி. ஆனாலும் ஹைப்ரிட்டைப் பற்றிப் பேசாமலே இவ்வளவு கெதியாகத் தள்ளிவிடக் கூடாது. டி5 குழல் 60, 90 செ.மீ. நீளத்துக்குச் சீராக ஒளி தரும். கிளைக்குக் கீழே, பாறைக்குப் பக்கவாட்டில் எல்லாம் ஒளி போய்ச் சேரும். அக்ரோவின் அடிக்கிளை சாகாமல் வளர வேண்டும் என்றால் இன்றைக்கும் இதற்கு ஈடு குறைவு. என் தொட்டியில் நான்கு குழலும் நடுவில் எல்.இ.டி. வரிசையும் போட்டிருக்கிறேன். குழல் பரப்பிக் கொடுக்கிறது. கடலுக்குள் பார்ப்பதுபோல ஒளி மணலில் அலையும் அந்த வடிவை எல்.இ.டி. தருகிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். டி5 குழல்களை 9 முதல் 12 மாதத்துக்குள் மாற்றவேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமலே நிறமும் வலுவும் இறங்கிவிடும். அவற்றில் பாதரசம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டு டி5 குழல்களைச் சந்தையில் இறக்குவதை நிறுத்திவிட்டது, உலகம் முழுக்கப் போக்கு அந்தப் பக்கம்தான். குழல் கிடைப்பது வருடத்துக்கு வருடம் சுருங்கும் என்று எண்ணித்தான் வாங்கவேண்டும். எனக்கு இங்கே பனிக்காலத்தில் குழலின் சூடு உதவி. தம்பிக்கு 28 பாகையில் அது உபத்திரவம்.

---

#5 உப்புத்தண்ணி

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. சூடு விஷயம் புரிந்தது. இனி நிறம் பற்றி ஒரு கேள்வி. கடைகளில் தொட்டிகள் எல்லாம் ஒரே நீலமாக இருக்கின்றன. பவளம் மின்னுகிறது, ஆனால் மீனின் நிறமே தெரியவில்லை, பத்து நிமிடத்தில் தலை வலிக்கிறது. வரவேற்பறையில் மாலை முழுக்க அந்த நீலத்தை வைக்க மனம் வரவில்லை. வெள்ளையாக வைத்தால் பவளம் வளராதா? பாசி பிடிக்கும் என்கிறார்களே?

---

#6 நீலவெளி (கோலாலம்பூர்)

இதற்கு நான் வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில், ஏன் நீலம்? தண்ணீர் சிவப்பை மிக விரைவில் விழுங்கிவிடும். தெளிந்த கடலில் பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும், நீலம்தான் ஆழம் வரை போகும். சூசாந்தெல்லேயும் அதற்கேற்ப அமைந்தது. அதனுள் இருக்கும் குளோரோஃபில் ஏ, குளோரோஃபில் சி2, பெரிடினின் என்ற மூன்று நிறமிகளும் 400 முதல் 500 நானோமீட்டர் வரை நன்றாக உறிஞ்சும். பெரிடினின் பச்சைக்குள்ளும் கொஞ்ச தூரம் போகும். அதனால்தான் 450 நானோமீட்டர் ராயல் ப்ளூ எல்லா ரீஃப் விளக்குக்கும் முதுகெலும்பு. அந்த நீல எல்.இ.டி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் நல்ல பிரகாசத்தோடு சாத்தியமானது. அதைச் செய்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பு இல்லையென்றால் நாம் இன்னும் 250 வாட் மெட்டல் ஹாலைடு என்ற பழைய சூடான விளக்கையும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரையும் வைத்து வியர்த்துக்கொண்டிருப்போம்.

அப்புறம், வெள்ளை. விளக்கில் உள்ள வெள்ளை எல்.இ.டி.யும் அடிப்படையில் நீலச் சில்லுதான், மேலே மஞ்சள் பாஸ்பர் பூசியிருக்கும். நீலத்தில் ஒரு பகுதி பூச்சைத் தாண்டி அப்படியே வரும், மிச்சம் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாறி வரும். ஆகவே வெள்ளையைக் கூட்டினால் பவளம் பட்டினி கிடக்காது. பார் அளவு போதுமானதாக இருந்தால் 14000 கெல்வின் தோற்றத்திலும் (எண் குறையக் குறைய நீலம் குறைந்து வெள்ளை கூடும்) நன்றாக வளரும். மெட்டல் ஹாலைடு காலத்தில் 10000 கெல்வின் பல்புகளுக்குக் கீழே மிரட்டலான அக்ரோக்கள் வளர்ந்தன.

நிறம் தெரியும் விதத்தில்தான் வேறுபாடு. பவளத்தில் இரண்டு வகை நிறப் புரதங்கள் இருக்கின்றன. ஒளிரும் வகை நீலத்தையும் ஊதாவையும் வாங்கிக்கொண்டு பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பித் தரும். கடையில் நீங்கள் பார்த்த மின்னல் அதுதான். அதில் 400 முதல் 420 வரையான ஊதாச் சில்லுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒளிராத வகை, வெள்ளை ஒளியிலிருந்து சில நிறங்களை உறிஞ்சி மிச்சத்தைக் காட்டும். அக்ரோவின் ஊதா, இளஞ்சிவப்பு, நீலம் பல நேரம் இந்த வகை. முழு நீலத்தில் அவை சாம்பலாகத்தான் தெரியும். நீல விளக்கின் கீழே மட்டும் பவளத்தைப் பார்த்து வாங்குகிறவர் அதன் பாதி அழகைப் பார்ப்பதே இல்லை என்பேன்.

சிவப்பில் மட்டும் கவனம். 2014-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லாட்டா என்ற கடினப் பவளத்தைச் சிவப்பு ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு, பவளத்தின் ஒளிச்சேர்க்கை நலத்தைக் குறைத்தது. சிவப்பு, பச்சைச் சானல்கள் கண்ணுக்கு நிறத்தைச் சமன் செய்ய மட்டும்தான். ஐந்து, பத்து சதவீதத்துக்கு மேல் தேவையில்லை.

உங்களுக்கு என் யோசனை: பகல் பதினொன்றிலிருந்து மாலை ஆறு வரை வெள்ளை கலந்து வையுங்கள், மீனும் பவளமும் இயல்பாகத் தெரியும். அதன்பின் இரண்டு மணி நேரம் நீலத்துக்கு இறங்கட்டும். பாசி வெள்ளையால் மட்டும் வருவதில்லை, நைட்ரேட், பாஸ்பேட் கணக்கில்தான் இருக்கிறது. புதுத் தொட்டியில் முழு வெள்ளை போட்டால் மட்டும் கொஞ்சம் தூண்டும்.

---

#7 சம்ப்_சத்தம்

நீலவெளி, அருமையான பதிவு. ஆனால் இவ்வளவு படித்தபிறகும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. 450 நானோமீட்டர் சில்லு என் கறுப்புப் பெட்டியிலும் இருக்கிறது, பார் அளவும் வருகிறது. அப்படியானால் நான்கு மடங்கு விலை எதற்கு?

---

#8 பவளக்கொடி

நேர்மையான கேள்வி. உங்கள் ஹேமர் வளர்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பவளம் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை.

வித்தியாசம் மூன்று இடத்தில். கறுப்புப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு சில்லுக்கும் தனி லென்ஸ், அதுவும் குறுகிய கோணத்தில். அதனால் நடுவில் மிகையாகவும் ஓரத்தில் குறைவாகவும் விழும். நிறங்கள் நன்றாகக் கலக்காமல் மணலில் சிவப்பு, பச்சை, நீலத் துண்டு நிழல்கள் ஓடும். அடுத்தது, கட்டுப்பாடு. ஒரு சதவீதத்திலிருந்து மெல்ல ஏற்ற முடியாமல் சட்டென்று முப்பதில் எரியும் விளக்கு, பழக்கப்படுத்தும் காலத்தில் சிரமம் தரும்.

மூன்றாவது மின் பாதுகாப்பு, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இங்கே காற்றிலேயே ஈரம், தொட்டிக்கு மேலே உப்பு. சரியாகப் பூசி மூடாத டிரைவர் பலகையில் உப்பு படிந்தால் துரு, அப்புறம் கசிவு. அடாப்டரில் சிங்கப்பூர் சேஃப்டி மார்க் இருக்கிறதா பாருங்கள். ஒயர் ப்ளக்குக்குப் போவதற்கு முன்னால் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும், தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது. வீட்டில் ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கும், அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி வேலை செய்கிறதா என்று பாருங்கள். எந்த விலை விளக்கானாலும் இவை பொருந்தும்.

மின்கட்டணத்தையும் போட்டுப் பார்த்துவிடலாம். 90 வாட் இரண்டு, சராசரி 60 சதவீதத்தில் பத்து மணி நேரம் எரிந்தால் நாளுக்கு ஒரு யூனிட்டை ஒட்டி வரும். யூனிட் 30 சென்ட் என்று வைத்தால் மாதம் 9, 10 வெள்ளி. பழைய 250 வாட் ஹாலைடு இரண்டு எட்டு மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 4 யூனிட், மாதம் 36 வெள்ளி, சில்லர் செலவு தனி.

---

#9 மெரினாக்காத்து (சென்னை)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சென்னையில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன், க்ளௌனும் டாம்செலும். இதைப் படித்ததும் எனக்கும் பவளம் வைக்க ஆசை. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பாறையோடு எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். அதற்கு இந்த அளவு விளக்கு போதுமா?

---

#10 நீலவெளி

தயவுசெய்து அதை வாங்காதீர்கள். விளக்கைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவில் பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாம், கூடவே கருப்புப் பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அட்டவணை ஒன்று என்றால் புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. எடுத்தவர் மட்டுமல்ல, வைத்திருப்பவரும் குற்றவாளி. அவர் சொல்லும் இடம் மன்னார் வளைகுடா. 1986-இல் 21 தீவுகளோடு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி அது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அங்கே வண்டி வண்டியாகப் பவளம் வெட்டினார்கள், அந்தக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஒரு துண்டு என்று நினைக்கிறோம், அந்தத் துண்டு அந்த அளவுக்கு வளர எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும்.

---

#11 பவளக்கொடி

நீலவெளி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நாமும் கவனிக்க வேண்டும்: கடினப் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. வளர்ப்புப் பண்ணையில் வெட்டி வளர்த்த ஃப்ராக் (பவளத் துண்டு) இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள், அது விளக்குக்கும் பழகியிருக்கும்.

மெரினாக்காத்து, உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கடற்பாசித் தொட்டி. கீட்டோமார்ஃபா மாதிரிப் பச்சைப் பாசிக்கு ரீஃப் விளக்கே வேண்டாம், 660 நானோமீட்டர் சிவப்பும் நீலமும் கலந்த செடி வளர்ப்பு விளக்கு போதும், விலையும் குறைவு. பவளத்துக்கு வேண்டாத சிவப்பு இதற்கு விருந்து. நைட்ரேட்டையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும், மீன்களுக்கு நல்லது.

---

#12 மெரினாக்காத்து

சட்டம் இவ்வளவு கடுமை என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாசித் தொட்டிக்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

---

#13 உப்புத்தண்ணி

வாங்கிவிட்டேன். 90 வாட் வகையில் இரண்டு, பழையது, ஒரே வீட்டிலிருந்து. அவர் தொட்டியைக் கலைக்கிறார், விளக்கு எரிவதைத் தொட்டியின் மேலேயே பார்த்துத்தான் வாங்கினேன். மீதம் 200 வெள்ளிக்கு மேல் கையில் இருக்கிறது. அதில் அலை பம்ப் வாங்கிவிடுவேன், சம்ப்_சத்தம் அண்ணே.

அப்புறம் பார் மீட்டர். குழு நண்பர் ஒருவர் அபோஜி எம்க்யூ-510 இரவல் கொடுத்தார். இரண்டு விளக்கும் 22 செ.மீ. உயரத்தில், 60 சதவீதத்தில் அளந்தது: உச்சிப்பாறை 240, நடுப்பாறை 130 முதல் 155, மணலில் நடுவே 85, மூலைகளில் 50. ஆர்வத்தில் ஒரு விளக்கை அணைத்து மற்றதை நடுவுக்கு நகர்த்தி முழு வலுவில் வைத்துப் பார்த்தேன். உச்சி 350 தாண்டியது, மூலை 30 கூட வரவில்லை. அக்கா சொன்ன இழுபறி எண்களில் அப்படியே தெரிந்தது.

கைப்பேசி லக்ஸ் செயலியிலும் அளந்தேன். நீலத்தை மட்டும் வைத்தால் எண் பாதிக்கும் கீழே விழுகிறது, பார் மீட்டரிலோ பெரிதாக இறங்கவில்லை. ஏன்?

---

#14 நீலவெளி

லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை, 450 நீலத்தில் மிக மந்தம். பவளத்துக்கு விருந்தாக இருக்கும் ஒளியை லக்ஸ் மீட்டர் கிட்டத்தட்டக் கணக்கிலேயே எடுக்காது. ஒரே விளக்கை ஒரே நிறத்தில் வைத்து, இன்று எவ்வளவு, ஆறு மாதம் கழித்து எவ்வளவு என்று ஒப்பிட மட்டும் அந்தச் செயலி உதவும். பழைய வகை பார் சென்சார்களும் ஊதாவைக் குறைத்துக் காட்டும், எம்க்யூ-510 நல்ல தேர்வு. மீட்டர் சொந்தமாக வாங்க வேண்டியதே இல்லை, ஒரு நாள் இரவலே போதும்.

---

#15 பவளக்கொடி

அழகான எண்கள். உங்கள் பட்டியலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் முதல் நாளே 60 சதவீதத்தில் பவளத்தை இறக்காதீர்கள். 35-இல் தொடங்கி வாரத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றுங்கள். கடையிலிருந்து வரும் ஃப்ராக் அங்கே எந்த ஒளியில் இருந்தது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் எதுவானாலும் முதலில் மணலில், பிறகு மெதுவாக மேலே.

மிகை ஒளி என்பதைப் பவளமே சொல்லும். மேல்பக்கம் வெளிறும், டார்ச் உள்ளிழுக்கும், ஜோவா மூடியே கிடக்கும். குறை ஒளியில் ஜோவா தண்டை நீட்டும், கடினப் பவளம் பழுப்பாகும், ஏனென்றால் ஒளி போதாதபோது உள்ளே பாசி அடர்த்தி கூடும். பழுப்பு உயிருக்கு ஆபத்தில்லை, ஒளியைக் கூட்டினால் மெதுவாக மீளும். வெளிறுவதுதான் அவசரம், உள்ளே இருக்கும் பாசி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஐயம் வந்தால் எப்போதும் குறைவான பக்கம் நில்லுங்கள். சிங்கப்பூர்க் கடலையே பாருங்கள், அவ்வளவு கலங்கல், ஆழம் போகப் போக ஒளி வேகமாகக் குறைகிறது, ஆனாலும் முதல் பத்து மீட்டருக்குள் எத்தனை வகைப் பவளம் வாழ்கிறது.

விளக்கோடு சேர்ந்து மாறுவது காரத்தன்மை, பலர் இதைப் பார்ப்பதில்லை. ஒளி கூடினால் பவளம் வேகமாக எலும்பு கட்டும், தண்ணீரிலிருந்து காரத்தையும் கால்சியத்தையும் வேகமாக இழுக்கும். 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு) வரை ஒரே நிலையில் நிற்கிறதா என்று ஒளியை ஏற்றும் வாரங்களில் அடிக்கடி சோதியுங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருக்கும் தண்ணீரில் வலுவான ஒளி பவளத்தை வெளிற வைக்கும். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும். விளக்கு கெட்டது என்று விற்றுவிடுகிறவர்களின் தொட்டியில் பல நேரம் பிரச்சினை இந்த இரண்டு எண்ணில்தான் இருக்கும்.

---

#16 டொராண்டோ_தொட்டி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உச்ச அளவை மட்டும் பார்க்கக் கூடாது, நாள் மொத்தத்தையும் பார்க்கவேண்டும். 200 மைக்ரோமோலில் பத்து மணித்தியாலம் என்றால் நாளுக்கு 7.2 மோல். அதே விளக்கை எட்டு மணித்தியாலம் மட்டும் விட்டால் 5.76. உச்சியை ஏற்றப் பயமாக இருந்தால் நேரத்தை நீட்டலாம். எனக்கு 150-இல் பன்னிரண்டு மணித்தியாலம்தான் பிடிக்கும், 6.5 மோல் வரும், பவளம் பதறுவதில்லை.

---

#17 பவளக்கொடி

அண்ணா, பன்னிரண்டு மணி நேரத்தில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். ஒரு அளவுக்கு மேல் சூசாந்தெல்லேயின் ஒளிச்சேர்க்கை நிறைவாகிவிடும் என்பதால் உச்சியைக் குறைப்பது சரிதான். ஆனால் நீண்ட பகல், புதுத் தொட்டியில் வேண்டாத பாசிக்குத்தான் முதலில் உதவும். ஒரு வருடம் கடந்த தொட்டிக்கு உங்கள் முறை, புதியவருக்கு ஒன்பது, பத்து மணி நேரம் என்று நிறுத்திக்கொள்ளலாம்.

---

#18 டொராண்டோ_தொட்டி

புதுத் தொட்டி என்றால் சரி, ஏற்கிறேன். நிலைத்த தொட்டிக்குப் பன்னிரண்டு என்பதை மாற்றமாட்டேன்.

---

#19 உப்புத்தண்ணி

நிலவரம் சொல்ல வந்தேன். மஷ்ரூம் இரண்டு மூலையில், ஜோவா மணலில், டார்ச் நடுப்பாறையின் கீழ்ப்படியில். விளக்கு இப்போது 45 சதவீதம், பகல் ஒன்பதரை மணி நேரம். டார்ச் முழுதாக விரிகிறது. ஜோவாவில் ஒரு கொத்து தண்டை நீட்டியது, ஒரு படி மேலே ஏற்றியதும் தட்டையாகிவிட்டது. தண்ணீர் 28-இலேயே நிற்கிறது, விளக்கின் சூடு மேல்பக்கமாகவே போய்விடுகிறது. கண் கூசுவதற்கு, சோபா இருக்கும் பக்கம் விளக்கைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு அக்ரிலிக் தட்டி வைத்தேன், மனைவிக்குத் திருப்தி.

மான்டிபோரா எப்போது வைக்கலாம்? அப்புறம் லென்ஸில் வெள்ளையாக உப்பு படிகிறதே, எதால் துடைப்பது?

---

#20 பவளக்கொடி

மான்டிபோராவுக்குக் காரத்தன்மை ஒரு மாதம் ஆடாமல் நின்றபிறகு. லென்ஸுக்கு விளக்கை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. பிடிவாதமான கறைக்கு அதே தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே வேண்டாம், அம்மோனியா தண்ணீரில் விழும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடையுங்கள். நீண்ட நாள் துடைக்காத லென்ஸைத் துடைத்த அன்று ஒளி திடீரென்று கூடும், அன்றைக்கு மட்டும் ஐந்து சதவீதம் குறைத்து வையுங்கள்.